ரத்தத்தில் இருந்தது, மார்பில் இல்லை

எனக்கு முதல் அறிகுறி என்று எதுவும் இருக்கவில்லை. கட்டி இல்லை, வலி இல்லை. பெங்களூரில் ஆஸ்டின் டவுனிலிருந்து வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குத் தினமும் போய்வந்து, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாற்பத்தாறு வயதுப் பெண் நான். நோய் எனக்கு ஈமெயிலில் வந்தது.

அக்கா ரெஜினா மார்பகப் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தபோது அது எலும்புவரை போயிருந்தது. அதனால்தான், ரத்தத்தை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ஒரு புதிய பரிசோதனை பற்றிக் கேள்விப்பட்டதும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அது பார்ப்பது மெத்திலேற்றத்தை (மரபணுவின் மேல் ஒட்டிக்கொண்டு, எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேதிக்குறிகள்). புற்றணுக்கள் சாகும்போது, மாறிப்போன குறிகளோடு மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் விட்டுவிடுமாம். ஈமெயிலில் வந்த ரிப்போர்ட்டின்படி, என் ரத்தத்தில் அப்படிப்பட்ட குறிகள் தெரிந்தன.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார்கள். அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கடைசியாக எம்.ஆர்.ஐ. எதிலும் ஒன்றும் இல்லை.

புற்றுநோய் மருத்துவர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார். இந்தப் பரிசோதனை இன்னும் புதிது, தவறாகவும் காட்டக்கூடும் என்றார்.

“சரியா காட்டியிருந்தா டாக்டர்?”

“கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எங்கேம்மா ட்ரீட்மெண்ட் குடுக்கறது? ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்.”

இரண்டு மார்பையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு எனக்கு இல்லை, சந்தேகத்தை மட்டும் வைத்து வெட்ட முடியாது என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. “ஒண்ணுமில்லேன்னுதானே சொல்றாங்க, நிம்மதியா இரேன்” என்றார் என் கணவர் சேவியர். அதிலும் தவறில்லை.

அந்த ஆறு மாதம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் உடம்பை நானே சோதனை போட்டேன். சர்ச் பூசையில் முழங்காலிடும்போதும் விரல் அக்குளைத் தேடும். சேவியர் தோளைத் தொட்டால் தட்டிவிடுவேன்.

அடுத்த ஸ்கேனில் இடது அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சு பெரிதாகியிருந்தது. பயாப்ஸியில் (சிறு துண்டெடுத்துச் சோதிப்பதில்) மார்பகப் புற்றணுக்கள். மார்பில் அப்போதும் எதுவும் இல்லை. பரவிய இடம் தெரியும், தொடங்கிய இடம் தெரியாது. அபூர்வமாக இப்படியும் நேருமாம்.

எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். டாக்டர் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சீக்கிரமே பிடித்துவிட்டோமா என்று கேட்டேன்.

“உங்க அக்கா கேஸவிட சீக்கிரம்தாம்மா” என்றார்.



கீமோ, அக்குளில் அறுவை, பிறகு எதுவுமே தெரியாத அந்த மார்புக்குக் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்துவிட்டன. இடது கை வீங்கியிருக்கிறது (முடிச்சுகளை எடுத்ததால் வடிய வழியில்லாமல் தேங்கும் நிணநீர்). ரவிக்கைகளில் அந்தக் கையைப் பிரித்துத் தைத்திருக்கிறேன். போன ஸ்கேன் சுத்தம் என்று வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்று நன்றாக இருக்கிறேன் என்றால், இன்னும் தெரியவில்லை என்றுதான் எனக்கு அர்த்தம்.

என்னைப் போல ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குத் தர என்னிடம் ஆறுதல் இல்லை. காத்திருக்கும் மாதங்களில் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

மகள் ஷீபாவுக்கு இருபது வயது. போன ஞாயிறு கோவிலுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: “மம்மி, நானும் அந்த டெஸ்ட் எடுக்கணுமா?”

அவள் வயதுக்கு இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ என் சொந்த வாயால் சொல்ல வரவில்லை.

அவள் கண்ணாடியின் முன் நின்று தலைவாரக் கையை உயர்த்தினாள். என் கண் நேராக அவள் அக்குளுக்குப் போயிற்று. கண்ணாடியில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். கையை இறக்கிக்கொண்டாள்.