லெயோன்ஸ் எந்தக் கரையில் சாவது?

லெயோன்ஸ் பிராதினோ பிறந்தது புசேராக்கில். ஓட்டுப் போட்டதும் வரி கட்டியதும் அங்கேதான். ஆனால் சாவதற்கு மட்டும் அவர் மோர்வாக்கைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுவது வெர்னெத் ஓடை. நீண்ட காலுள்ளவர் கோடையில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். மோர்வாக் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரின் பிறப்பும் இறப்பும் எல்லையும் கல்லறையும் நீண்ட காலம் என் கையெழுத்தில்தான் பதிவாகின. எனவே நடந்ததை நடந்தபடியே சொல்ல முடியும்.

லெயோன்ஸின் வீடு ஓடைக்கு மேலேயே கட்டப்பட்ட ஒரு பழைய மாவு மில். பெயர் செவிடன் மில். கல் சுற்றும் சத்தத்தில் மில்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காது போனதால் வந்த பெயர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மாவு குறைகிறதே என்று யார் கேட்டாலும் அவர்கள் காதில் விழாது, அதனால் வந்த பெயர் என்று புசேராக்கில் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. பெயர்களில் இந்த இரண்டு ஊரும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. ஓடை வளைகிற இடத்திலுள்ள மேடு எங்களுக்கு ஓநாய்த் தொண்டை. அவர்களுக்குக் கன்னியர் மேடு. தபால்காரர் புதிதாக வந்தால் ஆறு மாதம் தடுமாறுவார்.

எல்லை பழையது. ஒரு கரை மடத்துக்கும் மறு கரை ஒரு பிரபுவுக்கும் சொந்தமாக இருந்த காலத்தில் ஓடைதான் வேலி. பிரெஞ்சுப் புரட்சியில் மடமும் போயிற்று, பிரபுவும் போனார், வேலி மட்டும் தங்கிவிட்டது. பிறகு நெப்போலியன் தொடங்கிவைத்த நில அளவை எங்கள் பக்கம் வந்தபோது, அளவைக்காரர் தண்ணீரின் நடுவே கோடு போட்டுக்கொண்டே வந்து மில்லில் முட்டிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு வேளை. மில்காரர் வாத்துக் கறியும் வைனும் வைத்தார். உண்டு எழுந்தவருக்குக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தெம்பு இல்லை. கோட்டை மில்லுக்குள்ளேயே நேராக இழுத்துவிட்டுப் போய்விட்டார் என்பது பரம்பரைப் பேச்சு. பேச்சு எப்படியோ, கோடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. வாசல், தபால் பெட்டி, படுக்கையறை எல்லாம் புசேராக். சமையலறையில் மேசை வரைக்கும் புசேராக், அதைத் தாண்டி அடுப்பும் அலமாரியும் மோர்வாக். சூப் எங்கள் ஊரில் கொதித்து அவர்கள் ஊரில் குடிக்கப்பட்டது.

லெயோன்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு இருந்தது வியாழக்கிழமைதான். வியாழன் இரவு அவர் மில்லில் நான்கு பேர் பெலோத் ஆடுவார்கள். ஜாக்கிதான் பெரிய சீட்டு என்கிற அந்தத் துருப்பு ஆட்டம். கூரை போடும் ஒசீப், மாட்டு வியாபாரி பொலன், பால் வண்டி ஓட்டிய மார்சலின் ஆகிய மூவரும் மோர்வாக்காரர்கள். மூவரும் சில வருட இடைவெளியில் இறந்துபோய், எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரோரம் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். மார்சலினுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் காலி.

மார்சலினைப் புதைத்த மறுநாள் லெயோன்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"எழுத்தரே, அந்த நாலாவது இடம் எனக்கு வேணும்."

"உங்க குடும்பக் கல்லறை புசேராக்ல இருக்கே?"

"இருக்கு. அதுல எங்கக்கா எஜேனி இருக்கா. அவ பக்கத்துல போய்ப் படுத்தா, காலைத் தொடைச்சிட்டு வந்தியாடான்னு கேப்பா. உலகம் முடியற வரைக்கும் கேப்பா. இந்தப் பக்கம் பாருங்க, மூணு பேரு. மூணு பேரா எப்படி ஆடுவாங்க?"

விதியை விளக்கினேன். ஊரில் குடியிருப்பவருக்கு அந்த ஊர்க் கல்லறையில் உரிமை உண்டு. குடும்பக் கல்லறை இருந்தால் உண்டு. ஊர் எல்லைக்குள் உயிர் விட்டவருக்கும் உண்டு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு மேயர் மனம் வைத்தால்தான்.

எங்கள் மேயர் அஷில் வெர்ஞோ உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தார். "எடம் கம்மி. மனசு வைக்க முடியாது."

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லெயோன்ஸ் கதவை எட்டிப் பார்த்தார். "டேய் அஷில், நான் ஒல்லிடா. எவ்ளோ எடம் ஆயிடப்போவுது?"

"விதின்னா விதி."

அஷில் அதற்கு முன்பு எந்த விதியையும் அவ்வளவு மதித்து நான் பார்த்ததில்லை. பாரிஸிலிருந்து கோடைக்கு மட்டும் வந்துபோன பல்வைத்தியர் ஒருவருக்கு முந்திய வருடம்தான் ஒரே கையெழுத்தில் இடம் கொடுத்திருந்தார்.

குடியிருப்பை மாற்றுவதும் நடக்காத காரியம். வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் குடியிருப்பு. மோர்வாக் பக்கச் சுவரில் வாசல் வைத்தால், திறந்ததும் மூக்கு இடிக்கிற தூரத்தில் செங்குத்துப் பாறை. ஆக, லெயோன்ஸுக்கு மிஞ்சியது ஒரே வழி. அவர் சமையலறையில் சாக வேண்டும்.

அன்று மாலையே கட்டிலை நகர்த்தினார். வீட்டு வேலைக்கு வரும் மிரேய் மறுநாள் எனக்குத் தொலைபேசி செய்தாள். "அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவுல கட்டில் கெடக்குது சார். நான் எங்க நின்னு சமைக்கிறது? வந்து கோடு எங்கன்னு காட்டிட்டுப் போங்க. பாதிக் கட்டிலையாவது மீட்டுக்கறேன்."

டேப்பும் வரைபடமும் எடுத்துக்கொண்டு போனேன். அஷிலும் கூடவே வந்தார். ஊர் எல்லை சம்பந்தப்பட்ட விஷயமாம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் மோர்வாக்கில் இருந்தன. முழங்காலுக்குக் கீழே புசேராக்.

"செல்லாது. ஆள் முழுசா உள்ள இருக்கணும்" என்றார் அஷில்.

"உசுரு முழங்கால்லயாடா இருக்குது?" என்றார் லெயோன்ஸ்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சட்டத்தில் தலை என்றோ கால் என்றோ இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப முடங்கிப் படுத்துக்கறேன்."

"தூக்கத்துல காலை நீட்டிட்டீங்கன்னா?" என்று மிரேய் கேட்டாள். "காலையில நான் வந்து பாக்கறப்ப கால் வெளிய இருந்தா, உள்ள தள்ளிவிடலாமா கூடாதா? இப்பவே சொல்லிடுங்க சார். அப்புறம் என்மேல பழி வரக்கூடாது."

கூடாது என்றேன். மறுநாள் லெயோன்ஸ் ரம்பம் எடுத்துக் கட்டிலின் கால்மாட்டை அறுத்துவிட்டு, கோட்டின்மேல் ஒரு பலகையை நிறுத்தி ஆணி அடித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆறடி மனிதர் தொட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி உறங்கினார். பகலில் நிமிர முடியாமல் நடந்தார். மருத்துவர் முதுகைப் பார்த்துவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி எந்த ஊர் எல்லையில இருக்குது?" என்றார் லெயோன்ஸ். மூன்றாவது ஊர் என்று தெரிந்ததும் மருத்துவருக்கு மேலங்கியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

விஷயம் புசேராக்குக்கு எட்டியது. அந்த ஊர் மேயர் சொலாஞ்ச் தேசியே அம்மையார் ஒரு புட்டி வால்நட் மதுவோடு மில்லுக்கு வந்தார். அப்போது நான் அங்கே இருந்தேன். சாக்பீஸ் கோடு அழிந்துவிட்டது என்று புதிதாகப் போட வரச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க மண்ணு என்ன கொறஞ்சு போச்சு? நாங்க தெக்கு பாத்த சரிவு. தண்ணி நிக்காது. மோர்வாக்ல பொணம் ஊறும்."

"அக்கா இருக்கா மேயரம்மா."

அம்மையாருக்கு எஜேனியைத் தெரியும். புட்டியை மேசைமேல் வைத்தார். பிறகு குரலை இறக்கினார். "சரி, எங்க வேணா படுங்க. ஆனா அடுத்த ஜனவரி கணக்கெடுப்பு வரைக்கும் சாகாதீங்க. உங்களோட சேத்து நாங்க சரியா நூறு பேரு. ஒண்ணு கொறஞ்சா நாலு கவுன்சிலர் நாற்காலி போயிடும். அதுல ஒருத்தர் என் கொழுந்தன். வீட்டுல நான் இருக்க முடியாது."

"முயற்சி பண்றேன்" என்றார் லெயோன்ஸ்.

பிப்ரவரியில், அதாவது அந்தக் கணக்கெடுப்புக்குப் பதினோரு மாதம் முன்னால், புசேராக் விழாக் கூடத்தில் வருடாந்திர பெலோத் போட்டி நடந்தது. பரிசு ஒரு முழுப் பன்றித் தொடை. கூட்டாளி இல்லாத லெயோன்ஸ், மிரேய்க்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து அழைத்துப் போனார். இரண்டு ஊரும் அங்கே கூடியிருந்தன. அஷிலும் நானும் ஜோடியாக ஆடி முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அஷில் துருப்பு ஜாக்கியை முதல் கையிலேயே எறிந்துவிட்டார்.

இடைவேளையில் குடலில் அடைத்த இரத்தத் தொத்திறைச்சியும் ஆப்பிள் வதக்கலும் போட்டார்கள். குளிர்காலம் முழுக்க முடங்கிக் கிடந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்த சந்தோஷத்தில் மூன்றாவது தட்டும் வாங்கினார். ஆட்டம் மறுபடி தொடங்கி நான்காம் கை ஆடும்போது அவர் முகம் மெழுகாயிற்று. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தார். மறு கையில் சீட்டை விடவில்லை.

"தூக்குங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்க. சீக்கிரம்!"

ஒருவர் மருத்துவரைக் கூப்பிட ஓடினார். நாற்காலியோடு அவரைத் தூக்கினோம்: முன்னால் அஷிலும் நானும், பின்னால் மிரேய். நான்காவது காலுக்கு ஆள் வருமுன்பே சொலாஞ்ச் அம்மையார் குறுக்கே நின்றார்.

"எங்க தொத்திறைச்சியத் தின்னுட்டு அங்க போய்ச் சாகறதா? அப்புறம் எங்க விருந்துக்கு எவன் வருவான்?"

"மேயரம்மா, வழிய விடுங்க!" என்று மிரேய் கத்தினாள்.

"விடறேன். ஆனா அந்த நாற்காலி எங்க ஊராட்சிச் சொத்து" என்றபடி அவரே நான்காவது காலைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்திலிருந்து பாலம் கிட்டத்தில்தான். பனியில் வழுக்கி வழுக்கிப் போனோம். பாலத்தின் நடுவில் எல்லைக்கல் உண்டு. அதற்கு இரண்டடி இருக்கும்போது அஷில் நின்றார். அவர் நின்றதும் நாற்காலி இறங்கிவிட்டது.

"அஷில், இன்னும் ரெண்டடிடா" என்றார் லெயோன்ஸ்.

"மாட்டேன்."

"மூச்சு வாங்குதா? எழுத்தரே, நீங்க இழுங்க."

"மூச்சு இல்ல. மாட்டேங்கறேன்." அஷில் கைகளைக் கட்டிக்கொண்டார். "அந்த எடம் என்னோடது. நான் எடுத்து வச்சிருக்கேன்."

"உனக்கா? உங்க அப்பன் கல்லறை பளிங்குல இருக்குதேடா!"

"முப்பது வருஷம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் உன் மில்லு ஜன்னல்ல வெளக்கெரியும். நீங்க நாலு பேரும் சிரிக்கிறது என் வீடு வரைக்கும் கேக்கும். ஒருநாள், ஒரே ஒரு நாள், வாடான்னு கூப்பிட்டியா? பொலன் காய்ச்சல்ல கெடந்தப்ப கூட மூணு பேரா ஆடினீங்க! உசுரோட இருக்கறப்ப சேத்துக்கல. செத்தாவது அவங்க பக்கத்துல இருக்கலாம்னு பாத்தா, அங்கயும் நீ வந்து நிக்கற."

ஓடை மட்டும் கீழே ஓடியது.

"நீ ஜாக்கிய மொதக் கையிலயே எறிஞ்சிடுவியேடா" என்றார் லெயோன்ஸ், மெதுவாக.

"கத்துக் குடுத்திருக்கலாம்ல? மிரேய்க்குக் குடுக்கல?"

"நான் ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டேன் மேயரய்யா" என்றாள் மிரேய். அந்த நேரத்தில் அது தேவையில்லை.

லெயோன்ஸ் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார், பிறகு அஷிலைப் பார்த்தார். "வியாழக்கிழமை வா."

"நீ செத்துப்போயிட்டா?"

"நீ வர்றதா இருந்தா சாகாம இருக்கேன்."

அஷில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தார். நாங்களும் பிடித்தோம். கல்லைத் தாண்டி மோர்வாக் மண்ணில் நாற்காலியை இறக்கிய அதிர்ச்சியில் லெயோன்ஸின் வயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பியது. பாலத்தின் அடியிலிருந்த வாத்துகள் பறந்தன. அவர் முகத்தில் நிறம் திரும்பியது. மருத்துவர் வந்து நாடி பார்த்து, வயிற்றைத் தட்டி, "தொத்திறைச்சி" என்று மட்டும் சொன்னார்.

"நாற்காலியக் குடுங்க" என்றார் சொலாஞ்ச் அம்மையார்.

புதன்கிழமையே அந்த நாலாவது இடத்துக்கான அனுமதிப் பத்திரத்தைத் தயாரித்து அஷிலிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். வியாழனுக்குப் பிறகு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. முதல் ஆட்டத்தில் லெயோன்ஸ் அவரை ஏசிய சொற்கள் அப்படி. ஆனாலும் அடுத்த வியாழன் அஷில் முதல் ஆளாக வந்தார். ஆட்டத்துக்கு மிரேய் மூன்றாவது ஆள், சொலாஞ்ச் அம்மையார் நான்காவது. கணக்கு எழுதுவது நான். மேசை கோட்டைத் தொட்டபடி கிடந்ததால் அலமாரிப் பக்கம் உட்கார்ந்தவர் மட்டும் மோர்வாக்கில் ஆடினார். கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. அறுத்த கால்மாட்டுக்கு மிரேய் ஒரு பழைய பெஞ்சை ஒட்டவைத்தாள். ஜனவரி கணக்கெடுப்பில் புசேராக் நூறு பேரோடு தேறியது.

அதன்பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார் லெயோன்ஸ். கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில்தான் இறந்தார், அவர் பயந்த அந்த மூன்றாவது ஊரில். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பத்திரம் தயாராக இருந்தது. மார்சலினுக்குப் பக்கத்தில் வைத்தோம். சொலாஞ்ச் அம்மையார் புசேராக் மண் ஒரு வாளி கொண்டுவந்து போட்டார், நல்ல மண் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியட்டும் என்று.

எல்லோரும் போன பிறகு அஷில் என்னை நிறுத்தினார். நால்வரின் கால்மாட்டில், நடைபாதைக்கு முன்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது.

"இங்க குறுக்க ஒரு ஆள் படுக்கலாமா எழுத்தரே? நாலு பேரு கைச்சீட்டும் தெரியற மாதிரி."

டேப்பை எடுத்து அளந்தேன். முழங்காலை மடக்கினால் சரியாக இருந்தது.