விமானத்தில் மீசைப் பயிற்சி

இந்த ஊரில் மீசைக்குப் பஞ்சம். நம்ப மாட்டீர்கள், கடல் தாண்டி இந்தத் தீவின் காத்ர் போர்னுக்கு மருமகளாக வந்த புதிதில் என்னை வாய் பிளக்க வைத்தது கடலும் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கும் கரும்பும் இல்லை. எங்கள் தெரு ஆண்களின் மேலுதடுதான். காலையில் ஆபீசுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் மழமழவென்று வழித்துக்கொண்டு நிற்பார்கள். காவடி எடுக்கிறவர்கூட முகத்தைச் சுத்தமாகச் சிரைத்துக்கொண்டுதான் அலகு குத்திக்கொள்கிறார். என் கணவரும் இந்த ஜாதிதான். மதுரைக் கல்லூரிக்குப் படிக்க வந்தபோதே மீசை இல்லாமல் வந்தார். அதே முகத்தோடு என்னைக் கட்டிக் கப்பலேற்றினார். திருமங்கலத்தில் மீசைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு ஊரே பள்ளிக்கூடப் பையன்களாய்த் திரிவதுபோல் இருந்தது.

அண்ணனுடைய மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். சந்தைக்கு மீசை முதலில் போகும், இவர் பின்னால் போவார் என்று அண்ணி கேலி பேசுவாள். அந்த மனிதருக்கு என் கல்யாணம் துளியும் பிடிக்கவில்லை. “கடல் தாண்டிப் போறவளுக்கு நான் அண்ணன் இல்ல” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பந்தலில் ஓரமாக நின்றார், வழியனுப்ப வரவில்லை, அப்புறம் பேச்சும் இல்லை. முருகேசன் பிறந்த சேதி போனபிறகுதான் அண்ணி எழுதினாள்: காது குத்த மாமன் மடி காத்திருக்கிறது, பிள்ளையைக் கொண்டு வா என்று. அதைப் படித்துவிட்டு நான் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்து என் மாமியார் அடுப்பை விட்டு ஓடி வந்துவிட்டார்.

சந்தோஷம் எங்கே நிலைத்தது! பக்கத்து ஊரான கியூர்பிப்பில் முருகேசனுக்கு ஊசி போட்ட டாக்டருக்குப் புதர் மாதிரி மீசை. அன்றிலிருந்து பிள்ளைக்கு மீசை என்றாலே ஊசி. ஊரில் இருந்த ஒன்றிரண்டு மீசைகளான காய்கறிக்காரர், தபால்காரர், கோவில் வாசலில் நிற்கும் காவல் வீரன் சிலை, யாருக்கும் விதிவிலக்கு இல்லை. மீசையைக் கண்டால் வீறிட்டு நீலம் பாரித்துப் போவான். “அயோ, லி பேர் முஸ்தாஸ்!” என்று மாமியார் தெருவுக்கே அறிவித்தார், குழந்தை மீசைக்குப் பயப்படுகிறதாம். நானும் வேடிக்கையாக அதை அண்ணிக்கு எழுதித் தொலைத்தேன். எழுதிய பிறகுதான் யோசித்தேன். இத்தனை வருஷம் கழித்து மனமிறங்கி மடி விரிக்கிற அண்ணனைப் பார்த்து இவன் அலறினால் அவர் முகம் என்ன ஆகும்? மறுபடி எந்த முகத்தோடு நான் அந்த வாசலில் நிற்பேன்?

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. தீவுக்குச் சுதந்திரம் வருமா, வந்தால் நல்லதா என்று ஊரெல்லாம் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த நாட்கள். பிளெசான்ஸ் விமான நிலையத்தில்கூட வழியனுப்ப வந்தவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்கு அந்தக் கவலை கிடையாது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பால் கொடு, காது அடைக்காது என்று கிரியோலில் பத்துத் தடவை சொன்னார். “பா பேர், மோ திஃபி,” பயப்படாதே மகளே என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பதினோராவது தடவையும் பாலை நினைவுபடுத்தினார்.

பால் வேலை செய்தது. காதில் பஞ்சு, கையில் வசம்பு வளையம், வயிறு நிறையப் பால். மகாராஜா மேகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். கரண்டியைத் தட்டினார், காகிதத்தைக் கிழித்தார், விமானப் பணிப்பெண்ணின் தொப்பியைப் பிடித்திழுத்தார். தூக்கம் வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். பெட்டி வைக்கிற மேல்தட்டில் பழைய புடவையைக் கட்டித் தூளி போடலாமே என்று எழுந்தேன். “நோன், மதாம், நோன்!” என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வரிசைக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். செக்கச் சிவந்த மீசை! முருகேசன் போட்ட கூச்சலில் விமானமே திரும்பிப் பார்த்தது.

யாரோ கரும்பு ஆலை இன்ஜினீயர்போல் இருந்தது. பாவம், தன்னால்தான் பிள்ளை அழுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில், “மிஸ்யே, ஊ முஸ்தாஸ்...” என்று அவர் மீசையைக் காட்டினேன். சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார் மனிதர். முகம் சிவக்கக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் போகவில்லையாக்கும் என்று வாயை முழுக்க மூடிக்கொண்டு அழுத்தித் துடைத்தார். மீசை மறைந்ததும் முருகேசன் அழுகையை நிறுத்தினான். கைக்குட்டை இறங்கியது, அழுகை தொடங்கியது. ஏறியது, நின்றது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. கண்ணைச் சிமிட்டினார். கைக்குட்டையை மெல்ல இறக்கி, “குக்கூ!” என்றார். பிள்ளையின் உதடு பிதுங்கியது. மறுபடி “குக்கூ!” எத்தனையாவது குக்கூவிலோ என் மகன் கெக்கெக்கே என்று சிரித்தான். எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அண்ணன் மடிக்குப் போய்ச் சேருவதற்குள் இவனை மீசைக்குப் பழக்கிவிட்டால்?

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்தேன். நைரோபியில் இறங்கும்போது பிள்ளை அந்தச் சிவப்பு மீசைக்காரர் மடியில் இருந்தான். அங்கே பம்பாய் விமானத்துக்கு மாறினோம். அடேயப்பா, திரும்பிய பக்கமெல்லாம் மீசை! முதல் விமானம் பாலர் வகுப்பு என்றால் இது கல்லூரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க் “குக்கூ” விட்டேன். ஒரு சர்தார்ஜி தலைப்பாகைத் துணியின் நுனியால் முகத்தை மூடித் திறந்து காட்டினார், இவன் பாய்ந்து மீசையைப் பிடித்துத் தொங்கியதில் கண்ணில் நீர் வர, “ஷாபாஷ் பேட்டா!” என்றார். பம்பாயில் இறங்கும்போது என் மகன் மீசை கண்ட இடமெல்லாம் கையை நீட்டினான். தலைகால் புரியவில்லை எனக்கு. பட்டணம் போய் ரயில் மாறித் திருமங்கலம் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷனில் அண்ணியைக் கண்டேன். அண்ணனைக் காணவில்லை. வரவில்லையோ என்று கூட்டத்தில் தேடியபோது அவள் பக்கத்தில் நின்ற ஆள், “என்னத்தா, அடையாளம் தெரியலயா?” என்றார்.

அண்ணன் குரல்! மேலுதடு வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“பிள்ள பயப்படுதுன்னு எழுதிப்புட்டியே. நாசுவரே ரெண்டு தடவ கேட்டாரு, நெசமாத்தான் சொல்றீகளான்னு” என்றாள் அண்ணி.

நான் நடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பிள்ளையை வாங்கினார். முருகேசன் அவர் மேலுதட்டைத் தடவினான். இந்தப் பக்கம் தேடினான், அந்தப் பக்கம் தேடினான். இல்லை என்றதும் பார்க்கணுமே, அப்படி ஒரு ஒப்பாரி!

“அடப் படவா, ஒனக்காகத்தானடா எடுத்தேன்!” என்று அண்ணன் கத்தினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

காது குத்தன்று அண்ணியின் கண்மைச் சிமிழை எடுத்து அண்ணன் உதட்டில் நானே பெரிய மீசையாக வரைந்தேன். குலதெய்வத்தின் முன்னால், சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடி, “குக்கூ!” என்றார். பிள்ளை சிரித்து முடிப்பதற்குள் ஆசாரி குத்திவிட்டார். அலறியவனை அண்ணன் அணைத்து முத்தம் கொடுக்க, பாதி மீசை பிள்ளையின் கன்னத்துக்குப் போய்விட்டது.

“ஏத்தா, இது வளர்ற வரைக்குமாவது இருந்துட்டுப் போ” என்றார் என்னிடம். போகாதே என்று சொல்லத் தெரியாத அண்ணன்!

இருக்க முடியவில்லை. ரயிலேற்றிவிட வந்தபோது அவருக்கு மீசை பாதிதான் வளர்ந்திருந்தது. இப்போது இங்கே தினமும் காலையில் கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நிற்கிறார். உதட்டின்மேல் நுரையைக் கண்டதும் முருகேசன், “குக்கூ!” என்று குதிக்கிறான். அங்கே அண்ணன் மீசை இன்று எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நானும் நின்று பார்க்கிறேன். கத்தி ஒரு இழுப்பில் நுரையை வழித்துவிடுகிறது; பிள்ளைக்கும் எனக்கும் அழுகை வருகிறது.