கார்னெலின் இரண்டு மகள்கள்

லாட்ரிஸுக்கு இரண்டு வயதானபோது அவள் அப்பா கார்னெல் வீட்டை விட்டுப் போனார். காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் போனார். "நானும் வெளுப்பு, வெர்னாவும் வெளுப்பு. இந்தக் கறுப்பு எங்கேர்ந்து வந்துச்சு? இது என் புள்ளயே இல்ல."

அட்லாண்டாவுக்குத் தெற்கே, மேக்கன் நகரில் எங்கள் பகுதியில் எல்லோருமே கறுப்பர்கள்தாம். ஆனாலும் யார் ஒரு படி கூடுதல் கறுப்பு என்று பார்க்கிற கண் எங்களுக்குள்ளும் இருந்தது.

அந்தப் பேச்சு அவளோடு சேர்ந்தே வளர்ந்தது. பள்ளியில், "உங்கப்பன் யாருடி?" என்று சீண்டுவார்கள், இவள் கை ஓங்குவாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று பழைய போட்டோவில் பார்த்த அப்பாவின் சாயலைத் தன் முகத்தில் தேடுவாள். "அவன் புள்ளதான்டி நீ, சத்தியமா," என்று அவள் அம்மா வெர்னா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

வளர்ந்ததும் தேவாலயத்தில், வருகிறவர்களை உட்காரவைக்கும் வேலையில் என்னோடு சேர்ந்தாள்; சபை வழக்கப்படி என்னை சிஸ்டர் யூலா என்பாள். வெள்ளை உடுப்பும் கையுறையும் அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும். ஓர் ஆகஸ்டில், வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்து கூடும் ஞாயிறன்று, கார்னெல் படியேறி வந்தார். கூடவே அட்லாண்டாவில் கட்டிய வெளுப்பான மனைவி, சின்ன மகள் ஜாலிசா.

"நீ உள்ள போ கண்ணு, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"வேணாம் சிஸ்டர் யூலா. இது என் வாசல்தானே."

எதிரே போனவள் குழந்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அதே அடர்ந்த கறுப்பு; அதே மேடான நெற்றி. குழந்தையும் வாய் பிளந்து பார்த்தது.

"அம்மா, இந்த அக்கா என்ன மாதிரியே இருக்காங்க!"

கார்னெல் தரையைப் பார்த்தார். லாட்ரிஸ் ஜாலிசாவின் கையைப் பிடித்துக்கொண்டுபோய் மூவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் கோழி வறுவல் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் தேடி வந்தார்.

"ஜாலிசா பொறந்தப்பதான் எனக்கு உறைச்சுது. எங்க தாத்தா இதே நெறம்மா. உன் முகத்துல முழிக்கத் தைரியம் வரல."

"அவகிட்ட நெறத்தப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல."

"நல்லது. சாப்பிடுங்க, ஆறிடும்."

அவ்வளவுதான் பேசினாள். பிறகு சமையற்கட்டின் பின்னால் கொஞ்ச நேரம் அழுதாள். நானும் வெர்னாவும் பக்கத்தில் நின்றோம்.

"கோவமாடி?" என்றாள் வெர்னா.

"தேடித் தேடி அசந்துட்டேம்மா. இனி தேட ஒண்ணுமில்ல."

அவரை அவள் அப்பா என்று கூப்பிடவில்லை, மிஸ்டர் கார்னெல்தான். அடுத்த கோடை விடுமுறைக்கு ஜாலிசா வெர்னாவின் வீட்டில் வந்து தங்கினாள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று அக்காளும் தங்கையும் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது.