நான் சொல்லித்தான் ரோமர் வென்றார்கள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் சோடை போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆகையால் எழுத்துக் கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

ஏன் எழுதுகிறேன் என்றால், என் கணவர் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "இவவை நான் ஒருக்கால் சண்டையிலை தோக்கடிச்சனான்" என்று சொல்லிச் சிரிக்கிறார். கேட்கிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். நடந்தது இதுதான்.

எண்பதுகளின் நடுவில், நாங்கள் டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர்ச்சனத்துக்கு உங்கள் கலை ஒன்றைக் காட்டுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். எங்களோடு ஓர் அண்ணாவியார் இருந்தார். மன்னாரில் கோயில் திருவிழாக்களுக்குக் கூத்துப் பழக்கியவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரோம ராசா கிறிஸ்தவ வேதக்காரரின் தலையை வெட்டுகிற கூத்துகள். எங்களுக்கு டேனிஷ் சொல்லித்தந்த ரீச்சர் பயந்துபோனா. பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் தலை வெட்ட வேண்டாம் என்று சொல்லி, ஒரு படப்புத்தகத்தை விரித்தா. பழைய காலத்துப் பிரித்தானியாவில் ஒரு ராணியாம். ரோமர் அவளுடைய நாட்டைப் பறித்து, அவளையும் இரண்டு மகள்மாரையும் அவமானப்படுத்தினார்களாம். அவள் படை திரட்டி, பட்டணங்களை எரித்து, கடைசியில் தோற்று, நஞ்சு குடித்துச் செத்தாளாம்.

அண்ணாவியார் ஒன்றைத்தான் கேட்டார். "ரோமர் வருவினமோ?"

"ஓம், வருவினம்" என்றேன்.

"அப்ப பாட்டுப் பெரிசாய் மாத்தத் தேவையில்லை."

எங்கள் ஊரில் ராணி வேஷம் கட்டுவதும் ஆம்பிளைதான். வழக்கமாகக் கட்டுகிறவர் இந்தக் குளிருக்கு மீசை வேண்டும் என்று சொல்லி, மழிக்க மறுத்துவிட்டார். நான் கட்டுகிறேன் என்று எழும்பினேன்.

"பொம்பிளையள் மேடையிலை சிரிச்சுப் போடுவினம்" என்றார் அண்ணாவியார். "சிரியாமல் தோத்து, ஒழுங்காய்ச் செத்துக் காட்டு. காட்டினால் அடுத்த கூத்திலையும் வேஷம் இருக்கு. இல்லாட்டி உனக்கும் இல்லை, உன்ரை பெட்டையளுக்கும் இல்லை."

என் மூத்தவளும் இளையவளும்தான் ராணியின் மகள்மார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தோற்றுக் காட்டுவது என்று அப்போதே முடிவெடுத்தேன்.

ரோமத் தளபதி என் கணவர். ஒத்திகையில் அவருடைய மட்டை வாள் என் விரலில் பட்டுவிட்டது. இரண்டு நாள் அவருக்கு வெறும் பாணும் பட்டரும்தான்.

கூத்து அன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. ரோமப் படை எட்டுப் பேர். தலையில் சோறு வடிக்கிற அலுமினியச் சட்டி, முதுகில் சிவப்பு யன்னல் சீலை. மத்தளத்துக்குப் பதில் பிளாஸ்ரிக் வாளி. என் தேர், ரீச்சரிடம் இரவல் வாங்கிய சைக்கிள், முன்னால் பெரிய பெட்டி வைத்தது. பெட்டிக்குள் நான் வாளோடு நின்றேன். மூத்தவள் மிதித்தாள். இளையவள் என் காலடியில் இருந்தாள். உற்சாகம் தாங்காமல் எட்டி மணியை அடித்துவிட்டாள்.

இந்த நாட்டில் சைக்கிள் மணி கேட்டால் உடனே விலக வேண்டும் என்று ரீச்சர் எங்களுக்கு முதல் மாதமே பழக்கியிருந்தா. ரோமப் படை முழுவதும் "மன்னிக்கவும்" என்று டேனிஷில் சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது. நான் நடுவால் போய் மறுபக்கச் சுவரில் முட்டி நின்றேன். ரோமரை வென்றாகிவிட்டது. வெல்லக்கூடாதே!

இறங்கி வந்து கணவர் முன்னால் நின்று வாளை நீட்டினேன். அவர் என் வாளைத் தட்டி விழுத்த வேண்டும். தட்டவில்லை. என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஓரடி பின்னுக்குப் போனார். நான் முன்னுக்குப் போனேன். அவர் இன்னும் பின்னுக்கு.

"அடியுங்கோ" என்றேன் மெல்ல.

"பிறகு சாப்பாடு?" என்றார் அதைவிட மெல்ல.

அண்ணாவியாரின் கண் சிவந்துவிட்டது. என் பெட்டைகள் அழப்போகிறார்கள். வேறு வழியில்லாமல் கூத்து மெட்டிலேயே எடுத்துவிட்டேன்:

"மீன்குழம்பு வைத்துத் தாறேன் – ரோமரே
வீண்பயம் விட்டு வெட்டும்!
நானாக வீழ லாமோ – ரோமரே
நாழிகை போகு தையா!"

எங்கள் சனம் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தது. டேனிஷ்காரர் அது போர்ப்பாட்டு என்று நினைத்து அசையாமல் இருந்தார்கள். மீன்குழம்பு என்ற சொல் கேட்டதும் அவருக்கு எங்கிருந்துதான் வீரம் வந்ததோ, ஒரே தட்டு! என் வாள் வாளிக்காரரின் மடியில் போய் விழுந்தது. கோப்பையில் இருந்த நஞ்சை, அது திராட்சைச் சாறு, நல்ல ருசி, கடைசித் துளிவரை குடித்து, ஒரு பல்லும் தெரியாமல் விழுந்து செத்தேன்.

அண்ணாவியார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "சிரிக்கேல்லை. எழும்பு. அடுத்த கூத்திலை மூண்டு பேருக்கும் வேஷம் இருக்கு."

ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டா. நாட்டை நினைத்து அழுதேன் என்றேன். வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தேன். சொன்ன சொல் தவறுவதில்லை. அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதை மட்டும் எந்தக் கலியாண வீட்டிலும் சொல்வதில்லை.

எழுதி முடிச்சிட்டன். இஞ்சை வா பேத்தி, இதை ஒருக்கால் வாசி பாப்பம். கொஞ்சம் சத்தமாய் வாசி, குசினிக்குள்ளை இருக்கிற உன்ரை அம்மப்பாவுக்கும் கேக்கட்டும்.