ஓடையோரக் கண்ணி

மழைக்காட்டுத் தேசியப் பூங்காவின் உள்முகாமில் காவலராக இருந்தவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் மரவட்டை. யாராவது பேச்சுக் கொடுத்தால் சுருண்டுகொள்வாராம். மனைவியும் மகளும் படிப்புக்காக டவுனில் இருந்தார்கள். மழைக்காலத்தில் பூங்காவைப் பூட்டிவிடுவதால் பார்வையாளர்களும் கிடையாது. உடனிருந்த காவலர் காய்ச்சலோடு மலையிறங்கிப் போனபின் தகரக்கூரையில் விழும் மழைதான் துணை. துவைத்த சட்டை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். சோறு வெந்துவிட்டதா என்று தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வார்.

திருட்டு வேட்டைக்காரர்கள் மானுக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளைத் தேடி அறுப்பது அவர் வேலை. ஒருநாள் ஓடையோரம் சறுக்கியதில், கண்ணியொன்று அவர் கணுக்காலிலேயே இறுகிவிட்டது. இழுக்க இழுக்கச் சதைக்குள் இறங்கியது. வெட்டுக்கருவியும் வயர்லெஸ்ஸும் இருந்த பை தண்ணீரோடு போயிற்று. அட்டைகள் ஏறின. கத்திப் பார்த்தார், அந்த மழையில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒருவன் வந்தான். கண்ணி வைத்தவனேதான். காக்கிச்சட்டையைக் கண்டதும் எடுத்தான் ஓட்டம். சற்று நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"விட்டுட்டுப் போக மனசு வரலண்ணே," என்றபடி கம்பியைத் தளர்த்தினான்.

முகாம்வரை முதுகில் சுமந்தான். ஒழுகும் தன் வீட்டைப் பற்றியும் முன்கோபக்கார மனைவியைப் பற்றியும் வழியெல்லாம் பேசினான். மரவட்டையும் மகளின் வாயாடித்தனத்தைச் சொல்லிச் சிரித்தார். அத்தனை பேச்சு அவர் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

அவன் போனபின் முகாமிலிருந்த இன்னொரு வயர்லெஸ்ஸில் ஆள் வரவழைத்தார். வந்த அதிகாரி கேட்டார்: "கண்ணி வெச்சது யாருன்னு தெரியுமா?"

அதே ஓடையோரத்தில் கழுத்து இறுகிக் கிடந்த மான்குட்டிகளைக் கம்பியறுத்து எடுத்தவர் மரவட்டை. அவன் அடையாளத்தைச் சொன்னார். "என்னைக் காப்பாத்தினதும் அவன்தான் சார். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் அவனுக்குச் சிறைதான்.

"உயிரைக் காப்பாத்தினவனைப் போய்…" என்று டவுன் வீட்டில் தொடங்கிய மனைவி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கால் ஆறியதும் பழம் வாங்கிக்கொண்டு சிறைக்குப் போனார். உள்ளே போய்வந்த வாசற்காவலர், "உங்களப் பாக்க இஷ்டமில்லைன்னு சொல்றான்," என்றார்.

"இதையாவது குடுத்துடறீங்களா?"

"அதுவும் வேணாமாம்."

அடுத்த மாதமும் போனார். அதே பதில். வாசற்காவலருக்கே பாவமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்கண்ணே," என்றார்.

மரவட்டை பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு முகாமுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார்.