ஆயுத பூஜையன்று வந்த நான்காவது மோட்டார்

செஞ்சிக்குப் பக்கம் அனந்தபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எண்ணம் என்பதைவிட ஆத்திரம் என்று சொல்வதே சரி. என் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவன், கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேலே அவனுடைய கேமரா டிரோன் நின்றுகொண்டிருந்தது. கீழே அவன் கறுப்புக் கண்ணாடியும் ரிமோட்டுமாக நடுவில் நிற்க, சுற்றிலும் சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் குடுண்ணே, நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றேன்.

"இது இன்னா ஸ்கூட்டியா? பந்தி போட்டுட்டாங்க, போய்ச் சாப்பிடு போ."

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் ரிமோட்டிலிருந்து எடுத்து, கர்ச்சீப்பை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேலே டிரோன் இம்மி அசையாமல் அப்படியே நின்றது. எனக்குச் சுருக்கென்றது.

"நீ எங்கண்ணே ஓட்டுற? அதுதான் தானா நிக்குதே."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "வாய் மட்டும் நீளுதுடி ஒனக்கு. நீ ஒண்ணு செஞ்சு பறக்கவுடு, அப்பறம் பேசு" என்றான்.

கையை எடுத்தால் விழுகிற டிரோன் ஒன்றைச் செய்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு தானாகத் தொங்குகிற சோம்பேறி டிரோன் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது பந்தய டிரோன். அதன் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதை, கண்ணோடு ஒட்டிய கண்ணாடித் திரையில் நாமும் பார்த்துக்கொண்டு வளையங்களுக்குள் புகுந்து ஓட்ட வேண்டும். அரை நொடி தூங்கினால் மண். அன்று பந்தியில் உட்காராமலே பஸ் ஏறினேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். காலேஜ் பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம் வீணாகும். அந்த நேரமெல்லாம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிமுலேட்டரில் ஓட்டிப் பழகினேன். நான்கு மாதத்தில் விரல்கள் தயாராகிவிட்டன, டிரோன்தான் இல்லை.

கார்பன் ஃபைபர் சட்டத்தின் கிட் ஒரு ஜிப் கவரில் வந்தது. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் மோட்டார் தாங்கும் நான்கு கைகள், மேலும் கீழும் ஒவ்வொரு தகடு, அலுமினியத் தூண்கள், பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூக்கள். எல்லாவற்றையும் என் அப்பா, நைனாவின் பட்டறையில் ஒரு மூலை பெஞ்சில் பரப்பினேன். நைனாவுக்குச் செஞ்சியில் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று எதை எடுத்தாலும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வேலை. அவர் ஒரு கையை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, கேரம் போர்டு அட்டையா?"

"கார்பன் ஃபைபர் நைனா. இதே எடைக்கு இரும்பவிட ஸ்ட்ராங்கு."

ஒரு வெல்டரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதன் ஓரம் கூராக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் தேய்க்கக் கிரைண்டரை ஓடவிட்டார். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"அந்தத் தூசு உள்ள போனா வெளிய வராது நைனா! தண்ணிக்குள்ள வச்சுத்தான் தேய்க்கணும்!"

"முப்பது வருசமா இரும்புத் தூள தின்னுனு நிக்கறேன். நீ எனக்குத் தூசு பத்திச் சொல்றியா?"

அதற்கப்புறம் அவர் என் பெஞ்சுப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பக்கெட் தண்ணீரில் சட்டத்தை முக்கி, உப்புத்தாளால் ஓரம் ஓரமாக நானே தேய்த்தேன்.

கார்பனில் கரண்ட் பாயும். பார்க்கத்தான் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஒரு கம்பி தோலுரிந்து சட்டத்தில் பட்டால் போதும், எல்லாம் போச்சு. அதனால் வேலை முடித்த ஒவ்வொரு தடவையும், பேட்டரிக்கும் டிரோனுக்கும் நடுவில் நைனாவின் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கோத்துத்தான் சோதிப்பேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரோன் பிழைக்கும். ஸ்க்ரூ விஷயத்திலும் அதே ஜாக்கிரதை. மோட்டாரைச் சட்டத்தின் கையில் பொருத்த எட்டு மில்லி நீள ஸ்க்ரூ. தகடுகளை இணைக்கப் பத்து மில்லி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் இரண்டு தைல டப்பாக்களில் போட்டு, மூடியில் மார்க்கரால் 8 என்றும் 10 என்றும் எழுதி வைத்தேன்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு பந்தயம் அறிவித்தார்கள். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு. இரண்டு வளையங்களுக்குள் மூன்று சுற்று ஓட்டியதை வெட்டாமல் எடுத்த வீடியோவை அனுப்ப வேண்டும், பார்த்துப் பிடித்தால் இடம். கடைசி நாள் ஆயுத பூஜை, மாலை ஆறு மணி. எனக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் நான்கு மோட்டார்களில் ஒன்று சுற்றும்போது கரகரத்தது. மாற்றி அனுப்பச் சொன்னேன். மூன்று மோட்டார் மாட்டிய டிரோனை வைத்துக்கொண்டு பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவினார்கள். எங்கள் பட்டறை வழக்கம் இது: சாமான் ஒவ்வொன்றையும் டீசல் நனைத்த துணியால் துடைத்து, பொட்டு வைத்து, வாழை இலை விரித்த பெஞ்சில் அடுக்கி மாலை போட வேண்டும். பூஜை முடிந்தால், மறுநாள் காலை நைனா கற்பூரம் காட்டி முதல் சாமானை எடுக்கிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது. அவர் என் ஸ்க்ரூடிரைவரையும் சால்டரிங் அயர்னையும் ஸ்க்ரூ டப்பாக்களையும் ஹெட்லைட் பல்பையும் சேர்த்தே அடுக்கிவிட்டார். டிரோனை மட்டும் நான் வீட்டுக்குள் எடுத்து வந்திருந்தேன்.

"என்னுத ஏன் நைனா வச்ச?"

"பட்டறையில தான இருக்குது? அப்ப பட்டறை சாமான்தான்."

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது டெலிவரிக்காரர் வந்து நின்றார். நான்காவது மோட்டார். மணி பன்னிரண்டு.

"நைனா, ரெண்டே ரெண்டு டூல் எடுத்துக்கறேன். சாயங்காலம் வச்சிடறேன்."

"நாளைக்கு."

"ஆறு மணிக்கு முடியுது நைனா! நாளைக்கு எடுத்து நான் இன்னா பண்றது?"

"மீதி நாளெல்லாம் நமக்குச் சோறு போடுதில்ல? ஒரு நாளு இரும்பு சும்மா கெடக்கட்டும்டி."

"என்னுது இரும்பே இல்ல நைனா."

பட்டறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கியது. பொரித் தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்குப் போய்விட்டார்.

நான் பின்பக்கமாக நுழைந்தேன். மாலைக்கு அடியில் கையை விட்டு அயர்னை உருவினேன், ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், டப்பாவைத் தேடினேன். இரண்டு டப்பாக்களும் பளபளவென்று இருந்தன. டீசல் துணி மார்க்கர் எழுத்தைச் சுத்தமாகத் தின்றிருந்தது. 8 இருந்த இடத்திலும் பொட்டு, 10 இருந்த இடத்திலும் பொட்டு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்கு வந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பல்பு மாலைக்குள் சிக்கிக் கிடந்தது. விட்டுவிட்டேன்.

மூன்று ஒயரைப் பற்றவைத்து, நான்கு ஸ்க்ரூ முடுக்கினேன். நன்றாகப் பிடித்தது. மற்ற மூன்று மோட்டாரைவிட இறுக்கமாகப் பிடித்ததாக ஒரு திருப்திகூட வந்தது.

செஞ்சிக் கோட்டைப் பக்கம் டிரோன் விடத் தடை. ஊரைத் தாண்டி, தண்ணீர் இல்லாத ஓர் ஏரிக்குள் பிளாஸ்டிக் பைப்பில் இரண்டு வளையம் நட்டேன். கண்ணாடித் திரை மாட்டிக்கொண்டால் எனக்கு வெளியே எதுவும் தெரியாது. வெளியிலிருந்து வீடியோ எடுக்கவும், ஆடுமாடு குறுக்கே வந்தால் கத்தவும் ஒருத்தர் வேண்டும். அன்று தெருப் பயல்களெல்லாம் ஏதோ ஓர் ஆட்டோ ஸ்டாண்டு பூஜையில் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் சித்தப்பா மகனுக்குத்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. உடனே வந்துவிட்டான். வந்த வேகத்திலேயே தெரிந்தது, உதவிக்கு வரவில்லை, வேடிக்கைக்கு வந்திருக்கிறான் என்று.

"இதுவா? கொசு பேட்ட ஒடச்சி செஞ்சா மாதிரி இருக்குது."

"வாய மூடினு வீடியோ எடு."

பேட்டரியைச் செருகினேன். மூன்று பீப் கேட்டது. சுவிட்சைத் தட்டினேன். மூன்று மோட்டார்கள் விர்ரென்று சுற்றின. நான்காவது ஒரு துள்ளு துள்ளி நின்றது. அடுத்த நொடி சட்டத்துக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பாய்ந்து பேட்டரியைப் பிடுங்கினேன். விரல் சுட்டது.

"சாம்பிராணி போட்டாச்சு! கன்னத்துல போட்டுக்கடி!" அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கும்போதும் போன் மட்டும் ஆடவில்லை. தொழில்காரன்.

"நிறுத்துண்ணே."

"இரு இரு, சாமி மலையேறிச்சான்னு பாப்போம்."

கையில் கிடைத்த மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அவன் பைக்கில்தான் பட்டது. மணி நான்கரை. நான்கு மோட்டாருக்கும் கரண்ட் பங்கிடுகிற போர்டின் ஒரு மூலை கருகியிருந்தது. செஞ்சியில் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆறு மணிக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை.

நான் வீடு சேர்வதற்குள் அந்த வீடியோவை அவன் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். நைனா பட்டறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே இலையின் மேல் மூன்று இடம் காலியாக இருந்தது.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"பூஜ போட்டத கிளப்பினு போன. வெளங்குச்சா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி ஒண்ணும் பண்ணல நைனா! ஷார்ட் ஆயிருக்குது. ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தி, மோட்டாருக்குள்ள இருக்கற செம்புக் காயில்ல போய்க் குத்தியிருக்குது. அவ்ளோதான்!" ஏரியிலேயே மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருந்தேன். ஸ்க்ரூ நுனியில் செம்புத் தூள் ஒட்டியிருந்தது.

"நீளமான ஸ்க்ரூவ எவன் போட்டான்?"

"நீதான் டீசல் போட்டு நம்பர அழிச்ச!"

"அழிஞ்சிருந்தா அளந்து பாக்க மாட்டியா? படிக்கிறவதான? இன்னா அவசரம், திருட்டுத்தனமா எடுத்ததால அவசரமா?"

அளக்க ஐந்து நொடி போதும். மற்ற மூன்று மோட்டாருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அளந்துதான் போட்டேன். பல்பும் கோத்துப் பார்த்தேன். இதற்கு மட்டும் இரண்டும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதை அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் பேச்சைச் சாமியில் தொடங்கியதால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்றுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாளையிலருந்து பட்டறையில ஒன் சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார்.

"நானே எடுத்துக்கறேன்."

மறுநாள் அவர் கற்பூரம் காட்டி முடித்ததும் என் சாமானையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. பெஞ்சு காலியானதும் அதன்மேல் ஒரு கேட்டின் கீல்களைக் கொண்டுவந்து கொட்டினார், வேண்டுமென்றே சத்தமாக.

சென்னைக்காரர்களுக்கு மெயில் போட்டேன். பட்டியல் முடிந்துவிட்டது, தை மாதம் இன்னொரு பந்தயம் இருக்கிறது, அதற்கு வீடியோ அனுப்புங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. போர்டில் மற்ற மூன்று மூலைகள் உயிரோடு இருக்கின்றன. கருகிய மூலைக்குப் பதிலாக அந்தக் கைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன போர்டு வைத்துக்கொள்ளலாம். அதை வாங்கிவிட்டேன். மோட்டார்தான் பிரச்சினை. இன்னொன்றுக்குச் சொல்லி, இன்னொரு பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"இது மோட்டாரா? கம்மல்லருந்து கழட்டினு வந்தியா?"

"இதுக்குக் காயில் கட்டித் தருவீங்களா?"

"போம்மா, என் வெரலு உள்ளயே போவாது."

"அப்ப கம்பியாவது குடுங்க. நான் கட்டிக்கறேன்."

"நீயா?" என்றார். ஆனாலும் மெல்லிய செம்புக்கம்பியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார்.

மாடியில் உட்கார்ந்து கருகிய கம்பியைப் பிரித்து, கம்பி சுற்றியிருந்த ஒவ்வொரு இரும்புப் பல்லிலும் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நோட்டில் வரைந்துகொண்டேன். மொத்தம் பன்னிரண்டு பல். நேற்று சுற்றத் தொடங்கினேன். முதல் தடவை மூன்றாவது பல்லில் கம்பி அறுந்தது. இரண்டாவது தடவை ஐந்தாவது வரை போனேன். இரும்பின் ஓரம் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டது. கீழே சித்தப்பா மகன் பைக்கை நிறுத்திவிட்டு, "இன்னாடி, ஊசி நூலா?" என்று கத்தினான். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மிச்சமிருக்கிற கம்பி இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். இந்தத் தடவை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் முதலில் மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டு, கம்பியை இழுக்காமல் விரலால் படியவைத்துச் சுற்றப்போகிறேன். பன்னிரண்டும் முடிந்தால், அந்த ஏரிக்குப் போய், போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் அந்த மூன்று சுற்றை ஓட்டிப் பார்க்க வேண்டும்.