காலியான பத்து மணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். போன மாதம் ஒரு புதன்கிழமை வரைக்கும் சிரித்தேன்.

என் பெயர் லோகேஸ்வரன். மலேசியாவில், பாடாங் செராயில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். இரண்டே மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்தேன். கோயிலில் விழுந்தபோது சாமி வந்துவிட்டது என்று கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மயக்கத்தின் காரணம் எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். படுக்கையோடு கட்டி நிமிர்த்தி வைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் மயங்காமல் நின்றால்தான் பஸ் ஓட்டக் கடிதம். வரிசையோ நீளம். ஆனால் ஒரு திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"புதன் பத்து மணிக்கு ஒரு இடம் காலி. வர்றீங்களா?"

அடித்தது அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

காலை 10.05. சுங்கை பட்டாணியில் ஒரு மருத்துவமனை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. திவாகரன் என்ற ஊழியர் என்னைப் படுக்க வைத்து, நெஞ்சிலும் முழங்காலிலும் பெல்ட் போட்டார்.

"கால அசைக்காதீங்கண்ணே. பேசாதீங்க. மயக்கம் வந்தா மட்டும் சொல்லுங்க."

10.20. மோட்டார் உறுமியது. படுக்கை என்னோடு சேர்ந்து நிமிர்ந்தது. பாதங்கள் அடிப்பலகையில் ஊன்றின. கட்டிப்போட்ட மாடு மாதிரி சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

10.34. சர்ர்ர்...

துணி கிழிக்கும் சத்தம். என் காலடியில். கோடித் துணியின் கஞ்சி வாசனை வந்தது.

யாரோ என் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

"காலுக்கும் கட்டா தம்பி?" என்றேன்.

திவாகரன் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். அறையின் அந்த மூலையில் இருந்தார் அவர். "காலுக்கு ஒண்ணும் இல்ல லா. பேசாதீங்க."

குனிந்து பார்க்க நெஞ்சு பெல்ட் விடவில்லை. ஒரு சுற்று... இரண்டு சுற்று... முடிச்சு விழுந்தது.

பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

கத்தினால் சோதனை நின்றுவிடும். பஸ் வேலை போய்விடும். பல்லைக் கடித்தேன்.

10.41. காதருகே ஒரு வயதான பெண் குரல்.

"கட்டாதீங்கப்பா..."

"நான் சாகல..."

"மயக்கம்தான்..."

முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி கட்டினார்கள். அவிழ்ந்தது.

மூன்றாவது முறை இறுகியது.

11.05. படுக்கை இறங்கியது. டாக்டர் வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வித்தியாசமாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவாரே. கடிதம் கைக்கு வந்தது. செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல்களிலும் சிவந்த தடம் இருந்தது.

வெளியே பெஞ்சில் மொட்டைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரான திகாம் பத்துவைச் சேர்ந்தவர், பெயர் முருகையா. கையில் ஒரு நோயாளி அட்டை. யாருடையது என்று கேட்டேன்.

"எங்கம்மா பிச்சையம்மாளோடதுண்ணே. அடிக்கடி மயங்கி விழும். இன்னிக்குப் பத்து மணிக்கு டெஸ்ட். சனிக்கிழமை பாசார்ல காய் வாங்கிட்டு வந்து விழுந்துச்சு. போயிருச்சு. நான்தான் போன் பண்ணி வேணாம்னேன். இந்த அட்டையத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

எனக்குக் கிடைத்த இடம் அந்த அம்மாவுடையது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கால் கட்டு மட்டும் அவுந்துகிட்டே இருந்துச்சுண்ணே. மூணு தடவ கட்டினோம். மூணாவது நான்தான் இறுக்கிக் கட்டினேன்."

"எரிச்சீங்களா?"

"பொதச்சோம்." என் முகத்தையே பார்த்தார். "அம்மா செத்துதானே போச்சு, இல்லண்ணே?"

சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

"ஆமா தம்பி," என்றேன்.

இப்போது தினமும் காலை 5.50க்கு பஸ் எடுக்கிறேன். மயக்கம் வருவதே இல்லை.

நேற்று ஒரு முச்சந்தி. பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள். பிரேக்கை மிதிக்க வலது காலைத் தூக்கினேன்.

இரண்டு கால்களும் சேர்ந்தே வந்தன.